பதினெட்டாவது பதில்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே! அறுவையரங்கிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே! உறக்கத்தை ஒதுக்கி உயிர்களைக் காக்கும் செவிலியச் சகோதரிகளே! பெரியோர்களே, பெற்ற தாய்மார்களே! இந்த இரத்த வங்கி ஊழியனின் பணிவான வணக்கம்.

இன்று நாம் பாராட்டுவது யாரை? வார்டுக்கு வார்டு 'வயர் அக்கா' என்று அழைக்கப்படும் நம் கணினி வலையமைப்புப் பொறியாளரை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். சிரியுங்கள், சிரியுங்கள்! நடந்ததைக் கேட்டால் நீங்களும் அப்படித்தான் அழைப்பீர்கள்.

சென்ற மாதம் எங்கள் இரத்த வங்கி அலுவலகம் புதிய கட்டடத்துக்குப் போனது; குளிர்பெட்டிகள் பழைய கட்டடத்திலேயே இருந்தன. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட வந்தார் அக்கா. பழைய கட்டடத்தில் பதினேழு கருவிகள் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி எழுதிக் கொடுத்தேன். இருபது ஆண்டு அனுபவம் அல்லவா!

அன்று பிற்பகல் அவருடைய மடிக்கணினி தேடத் தொடங்கியது. "யார் இருக்கிறீர்கள்?" என்று ஒரு கணினி பொதுவாகக் கேட்டால், கேள்வி அதன் சொந்தப் பகுதிக்குள்ளேயே நின்றுவிடுமாம். பழைய கட்டடமோ வேறு பகுதி. இரண்டையும் இணைத்து நடுவில் இருக்கும் ரவுட்டர் என்ற கருவி அந்தக் கேள்வியைத் தாண்ட விடாது. பிறகு எப்படி? அந்த ரவுட்டரிடமே விசாரிக்கிறது! உனக்கு எங்கெங்கே வழி தெரியும், அங்கே யார் யார் முகவரி உன்னிடம் இருக்கிறது என்று கேட்கிறது. பிறகு முகவரி முகவரியாகத் தட்டுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று… இருநூற்று ஐம்பத்து நான்கு வரை! நான் இருபது ஆண்டுகள் நடந்த கட்டடம், என் கண்ணெதிரே, கோடு கோடாகத் திரையில் எழுந்து நின்றது ஐயா!

"அண்ணே, உங்க லிஸ்ட்ல பதினேழு. இங்க பதினெட்டு இருக்கு."

இயந்திரம் தப்பாக எண்ணியிருக்கும் என்றேன்.

"எண்ணல அண்ணே. கூப்பிட்டுச்சு, பதில் வந்திருக்கு."

கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிகளில் எது, அதில் எத்தனையாவது இணைப்பு என்பதையும் வரைபடம் காட்டியது. பழைய கட்டடத்துக்குப் போய், அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். கடைசி அறையில் போய் நின்றது. அங்கே பழைய குளிர்பெட்டி. என் பட்டியலில் அது வெறும் பெட்டி. அதற்குள் பேசத் தெரிந்த ஒரு வெப்பமானி இருப்பதை நான் அறியேன்! காலையில் கதவிலிருந்த எண்ணைப் பார்த்தபோது நான்கு டிகிரி. இப்போது ஐந்து புள்ளி ஏழு. பார்க்கப் பார்க்க ஐந்து புள்ளி எட்டு. ஆறைத் தாண்டக் கூடாது!

உள்ளே என்ன? அரிய வகை இரத்தம், ஆறே பைகள். மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு கர்ப்பிணிக்காக வைத்தவை.

அந்த வெப்பமானி சும்மா இருக்கவில்லை அவையோரே! முப்பத்தொரு முறை எச்சரித்திருக்கிறது. யாரை? நாங்கள் கழற்றி எடுத்துப்போன பழைய கணினியை! கேட்க ஆளில்லை, ஆனாலும் அது நிறுத்தவில்லை.

பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு குளிர்பெட்டிக்கு ஓடினேன். மறுநாள் இரண்டு பைகள் தேவைப்பட்டன. தாய் பிழைத்தாள். மகள் பிறந்தாள்.

நன்றி சொல்லத் தேடிப்போனால், அக்கா அடுத்த கட்டடத்தில் கூரையோரம் நிற்கிறார். நான் கைகூப்பினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் மூணு கட்டடம் பாக்கி அண்ணே. ஏணியைக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். இருபது ஆண்டுப் பணியில் அதைவிடப் பெரிய பதவி எனக்கு வாய்த்ததில்லை!

பொறுமையோடு செவிமடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.