சட்டை உரித்த மணப்பெண்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தானா ராத்தா ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு லோரிக்காரரும் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் இருந்த டப்பாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆண் டரான்டுலா சிலந்தி.

“அண்ணே, என் சிலந்தி மறுபடியும் கன்னிப்பொண்ணாயிட்டா லா!”

“என்னம்மா இது? போன மாசந்தானே இவனோட சேத்துவிட்டோம்?”

“நேத்து சட்டை உரிச்சிட்டாண்ணே. இவன் கொடுத்ததெல்லாம் அந்தச் சட்டையோட கழண்டுபோச்சு. இனி முட்டை இல்ல.”

“அடிப்பாவி! திரும்பவும் சேக்கணுமா?”

“புதுத்தோல் இறுகணும், நல்லா தின்னணும். ஒரு மாசம் பொறுங்க.”

“இவன் தாங்கணுமே! கடைசிச் சட்டைய உரிச்சாச்சு. இனி வளரமாட்டான், ரொம்ப நாள் இருக்கவும் மாட்டான். சாப்பாட்டையே தொடமாட்டேங்கிறான்.”

அவள் பையிலிருந்து, பெண் சிலந்தியின் நூல் ஒட்டிய அந்தச் சட்டையை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். ஆண் சிலந்தி அதைத் தொட்டது. உடனே முன்கால்களால் படபடவென்று தரையைத் தட்டத் தொடங்கியது.

“பொண்ணு வாசம் பட்டதும் மேளம் அடிச்சுக் கூப்பிடுறாண்ணே!”

“அடிக்கிறான் லா! டேய், ஒரு மாசம்டா! சாப்பிட்டு உயிரோட இருடா!”

பஸ்ஸே சிரித்தது.

ஒருவழியாக எழுதி முடித்தது: ஜூன் 10.