மந்திரவாதி இல்லாத நாலு பேர்

இந்தக் காலத்துல கூப்பிட்டா ஒருத்தனும் திரும்புறதில்ல. காதுல எதையாவது செருகிக்கிட்டுப் போறான். தோளைத் தட்டினாத்தான் பார்க்கிறான். நான் அப்படி இல்ல. தி.நகர் ஜவுளிக்கடையில முப்பத்தெட்டு வருஷம் பண்டல் தூக்கினவன். எந்த மாடியிலேருந்து "இசக்கிமுத்து"ன்னு குரல் வந்தாலும் திரும்புவேன்.

மதுமதியை அந்த விளையாட்டுலேருந்து அழிச்சது யாருன்னு என் மவன் வெங்கடேஷ் கேட்டான். நான்தான். எழுதியே தர்றேன்.

மதுமதி அவன் மவ, என் பேத்தி. காலேஜ் ரெண்டாம் வருஷம். போன ஐப்பசியில காய்ச்சல்ல போயிட்டா. கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு வச்சிருந்தா. நாலு ஆளைச் சேர்த்துக்கிட்டு, குகை குகையாப் போயி பூதத்தை அடிக்கணும். ஆளுக்கு நம்ம போட்டோவை ஒட்டலாம், நம்ம குரலையும் பதியலாம். அவ மந்திரவாதி. அவ படத்து மேல அமுக்கினா, "இன்னா நைனா, இன்னா வேணும்?"னு கேப்பா. அடிபட்டா, "தாத்தா, முடியல தாத்தா"ன்னு முனகுவா. சிரிப்பை அடக்க முடியாமப் பதிஞ்சது அது. பின்னால என் இருமலும் கேக்கும்.

எனக்கு மந்திரவாதி ஆகாது. முணுமுணுத்து வேலை பார்க்கிற எவனையும் நான் நம்பறதில்ல. ஒரு தடவை நெருப்பை விட்டா, தூங்கி எந்திரிச்சாத்தான் அடுத்த நெருப்பு. ஓர் அடி தாங்காது. மத்த மூணு பேரும் அதுக்குக் காவல் நிக்கணும்.

"மந்திரவாதி இல்லாம நாலாவது குகையைத் தாண்டிருவியாக்கும்?"

"தாண்டுவேன்டி."

"தாண்டினா நான் மொட்டை போட்டுக்கிறேன் தாத்தா."

"திருச்செந்தூருக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன், போ."

அவ போனப்புறம் மருமவ சந்திரிகா அந்த நாற்காலியில உக்காந்தா. பள்ளிக்கூட வேலையை விட்டுட்டா. குகைக்கெல்லாம் போகமாட்டா. விளையாட்டுல ஒரு சத்திரம் உண்டு, அங்க யாரும் அடிக்க வரமாட்டாங்க. மந்திரவாதியை அங்கேயே நிறுத்தி வச்சு அமுக்குவா. இன்னா நைனா, இன்னா வேணும். மறுபடி அமுக்குவா. அடுப்புல சோறு அடிப்பிடிக்கும். கூப்பிட்டாப் பதில் சொல்றது அது ஒண்ணுதான் மாமான்னா. அஞ்சு மாசம்.

மதுமதி போன அன்னிக்கு வீட்டுல நான் மட்டும் இருந்தேன். அவ "தாத்தா"ன்னு கூப்பிட்டது கேட்டுச்சு, கம்ப்யூட்டர்ல வர்ற குரல்னு நெனச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். போன வாரம் சந்திரிகா, "அப்படியா ஒரு குரல் இதுல இருக்கு மாமா? நாளைக்கு ஒரு குகைக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டுப் பார்க்கணும்"னா. பெத்தவ அதையெல்லாம் கேட்டாத் தாங்கமாட்டா. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

மறுநாள் காலையில அவ கோயிலுக்குப் போனதும் உக்காந்தேன். முன்னால கேடயக்காரன், அவன் தோளுக்கு மேல குத்த ஈட்டிக்காரன், பொறியைப் பிரிச்சுவிட ஒரு கள்ளன். வில்லாளிக்கு இடம் வேணும். நாலு பேருக்கு மேல சேர்க்க விடாது. மந்திரவாதியைச் சத்திரத்துல விட்டா, சந்திரிகா திரும்பப் போயி கூட்டிக்குவா. அதனால குகைக்குக் கூட்டிட்டுப் போயி, மத்தவங்களை வாசல்ல நிறுத்திட்டு, அவளை மட்டும் முன்னால அனுப்பினேன். ரொம்ப நேரம் ஆகல. முடியல தாத்தான்னா. நாலஞ்சு தடவை சொன்னா. அப்புறம் சொல்லல. அவ இருந்த பழைய ஆட்டத்து மேலேயே இந்த ஆட்டத்தைச் சேமிச்சேன், இனி திரும்பக் கொண்டாற முடியாது. குரலை வச்சிருந்த இடத்தையும் அழிச்சேன். அழிக்கிற வழியும் அவ சொல்லிக் குடுத்ததுதான்.

வில்லாளியைச் சேர்த்தேன். குறுகலான வாசல்ல கேடயக்காரன் நின்னான், நெருப்புக்குப் பதிலா எண்ணெய்க் குப்பியை வீசினேன். நாலாவது குகை தாண்டியாச்சு. மந்திரவாதி தேவையே இல்ல. நான் அப்பவே சொன்னேன்.

சந்திரிகா வந்து அமுக்கினா. கேடயக்காரன் என்னமோ இங்கிலீஷ்ல பேசினான். அவ அழல. கத்தல. ரெண்டு நாள் கழிச்சு, இன்னிக்குக் காலையில போனைக் கொண்டாந்து நீட்டினா.

"மதுமதி போன அன்னிக்கு ஒம்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் நம்ம தெருவுல கரண்ட் கட்டு மாமா. மெசேஜ் வந்திருக்கு, பாருங்க. கம்ப்யூட்டர் எப்படி ஓடிச்சு?"

கரண்ட் இல்லதான். ஃபேன் ஓடாமத்தான் நான் பால்கனியில படுத்திருந்தேன். அப்பத்தான் கண்ணு சொருகிச்சு. எந்திரிச்சா அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. மூணு தடவை கூப்பிட்டா. அந்தக் குரல்ல சிரிப்பு இல்ல. இருந்தாலும் விளையாட்டுன்னுதான் நெனச்சேன். இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

செருப்பை மாட்டிக்கிட்டுப் படியிறங்கினேன். மேலேருந்து, "மாமா"ன்னு சந்திரிகா கூப்பிட்டா. நான் திரும்பல.