வயிற்றுக்குள் காற்று

— எல்லப்பன், அவர் ரெண்டு காலையும் மடக்கிப் பிடிங்க. தம்பி சென்றாயன், வயித்தைத் தொடப் போறேன். எங்க வலிக்குது?

— எல்லாப் பக்கமும் வலிக்குது சிஸ்டர். கை வெக்காதீங்க.

— கேஸ்தான் சிஸ்டர். கேன்டீன்ல குஸ்கா ரெண்டு தட்டு தின்னானாம். ஜூஜுவாடி கம்பெனில இருந்து என் வண்டில வர்றப்ப ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முனகிட்டே வந்தான். மாத்திரை குடுத்தா போயிடும்.

— நீங்களும் கூட உக்காந்து தின்னீங்களா?

— இல்ல, நான் பெயின்ட் ஷாப்பு, இவன் மெஷின் ஷாப்பு. டிரெஸ் மாத்துற ரூம்ல சுருண்டு கெடந்தான். தூக்கிட்டு வந்தன்.

— அப்ப அவரே சொல்லட்டும். தம்பி, குஸ்கா காத்து ஏப்பமா மேல வரும், இல்ல கீழ போகும். உங்க வயிறு பலகை மாதிரி இருக்கு. எக்ஸ்ரேல குடலுக்கு வெளிய காத்து நிக்குது.

— வெளிய எப்படி சிஸ்டர்?

— அதைத்தான் நான் உங்களைக் கேக்கறேன். தின்ன சோறு இரைப்பைல அரைபட்டு சிறுகுடலுக்குப் போகும். அங்க சத்து ரத்தத்துல ஏறிடும். மிச்சக் கழிவு பெருங்குடல்ல நிக்கும். அது கிழிஞ்சா கழிவு வயித்துக்குள்ள கொட்டும், அங்கிருந்து ரத்தத்துல கலக்கும். ரத்தம் போகாத இடம் உடம்புல எது? கிட்னி, மூளைன்னு எல்லாத்துக்கும் அந்த விஷத்தை இதயமே அனுப்பி வைக்கும். உங்க நாடி இந்த ஓட்டம் ஓடுறதைப் பாத்தா பயமா இருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொன்னாத்தான் எங்க கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் நேரா பாப்பார். ஆபரேஷன் தியேட்டர்ல காத்திட்டிருக்கார்.

— எல்லப்பனை வெளிய போகச் சொல்லுங்க.

— எனக்குத் தெரியாத ரகசியமாடா? நாட்றாம்பாளையத்துல இருந்து ஒண்ணா பஸ் ஏறி வந்தவங்க நாம.

— அப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க மச்சான். உன்னைப் பாத்துட்டு சொல்ல முடியல.

— சரி, திருப்பிட்டன். சொல்லு.

— ஷிஃப்ட் முடிஞ்சா துணில ஒட்டுன இரும்புத் தூளை ஏர் பைப்பால ஊதிக்குவோம் சிஸ்டர். பசங்க நாலு பேர் என்னைக் குனிய வெச்சு... பின்னாடி பைப்பை வெச்சுக் காத்தைத் தொறந்துட்டாங்க. பேண்ட் மேலதான். வெளையாட்டுக்கு. எங்க லைன்ல பழக்கம்.

— பேண்ட் மேல வெச்சாலும் அந்த வேகம் குடலைக் கிழிச்சிடும். இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? தப்பு உங்க மேல இல்லப்பா.

— எவனுங்கடா அது? பேரச் சொல்லு. போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வெச்சிட்டுத்தான் மறுவேலை.

— வேணாம் மச்சான்.

— இதுல உனக்கென்னடா வெக்கம்? செஞ்சவன்தான் தலைகுனியணும்.

— குனிஞ்சுதான் கெடக்கறன். சிஸ்டர், ஜூஜுவாடிக்கு ஒரு ஆம்புலன்ஸ் அனுப்புங்க. நாங்க தங்கற கம்பெனி ரூம்ல ஒடிசாக்காரன் ஒருத்தன் வயித்து வலின்னு இன்னிக்கு வேலைக்கு வராம படுத்திருக்கான். நேத்து அவனுக்குப் பைப் வெச்சது நான்.