வலைப்பக்கமே நின்ற ஆறு வாரம்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சவுரிமுத்து ஐயா அவர்களே, மேடையில் உள்ளவர்களே, நம்மை விட்டுப் போன வேதசிரோமணி சாரின் துணைவியார் கிறிஸ்டினா அவர்களே, பீர்க்கன்கரணை காலைநேர இறகுப்பந்துக் கழகத்தின் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் செயலாளர் துரைராஜின் வணக்கம். ஃபேன் பத்தலைன்னா சொல்லுங்க, இன்னொண்ணு போடச் சொல்றேன். முன்வரிசையில் ஹரிபிரசாத்துக்கு இப்பவே வேர்த்து ஊத்துது.

வெளியூரிலிருந்து வந்த உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பதினான்கு வருடம் டபுள்ஸில் சிரோமணிக்கு ஜோடி நான்தான். நீங்கள் இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது எங்கள் கோர்ட். போன சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு அவர் விழுந்த இடமும் இதுதான். பயப்படாதீங்க, யார் நாற்காலிக்குக் கீழேன்னு சொல்ல மாட்டேன்.

அவர் செய்ததை எங்கிருந்து சொல்ல? ரயில்வே சிக்னல் வேலையில் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து கதவைத் திறந்தவர் யார்? சிரோமணி! சர்வீஸ் தாழப் போகணும் என்று நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நூல் கட்டி, அந்தச் சந்தில் ஷட்டிலை அனுப்பப் பழக்கியவர் யார்? சிரோமணி! வெள்ளம் வந்தப்போ நாலு நாள் ஏரிக்கரைக் குடும்பங்களை இங்கே தங்கவைத்து, ஆடக் கோர்ட் கேட்டு வந்த ஆளை வாசலிலேயே திட்டி அனுப்பியவரும் அவர்தான். அந்த ஆள் நான். இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் டபுள்ஸ் ஆடத் தெரியாத மனுஷன்! சிரிக்கலாம், தப்பில்லை. டபுள்ஸ் என்றால் ஒருத்தர் நெட்டோரம் நின்றால் மற்றவர் பின்னால் போகணும், ஷட்டில் போகிற போக்குக்கு இரண்டு பேரும் இடம் மாறணும். இவருக்கு அதெல்லாம் கிடையாது. என் காலடியில் விழுகிற ஷட்டிலுக்கும் "என்னுது! என்னுது!" என்று பின்னாலிருந்து பாய்ந்து வருவார். இதோ, புருவத்தில் இருக்கும் நாலு தையல் அவர் ராக்கெட் போட்டது. பதினான்கு வருடமும் தினம் கத்தினேன், "உன் இடத்துல நில்லுய்யா, முன்னாடி நில்லு, பின்னாடி நான் பார்த்துக்கறேன்."

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டார்.

நெட்டோரமே நின்றார். மேலே போன ஷட்டிலைப் பார்த்து "உன்னுது!" என்றார். நான் பின்னால் ஓடி அடித்தேன், பாயிண்ட் வந்தது. அடடா, இந்த மனுஷனுக்கு இப்பவாவது டபுள்ஸ் புரிஞ்சுதே என்று நான் கை தட்டினேன். அடுத்த வாரம் ஸ்மாஷை விட்டுவிட்டு, மெதுவாக நெட்டைத் தாண்டிப் போடப் பழகினார். என்ன நிதானம் என்று நீங்களும் கை தட்டினீர்கள். அதற்கு அடுத்த வாரம் ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். எதிராளியின் வேகத்தை உடைக்கிறாராம்! பெரிய தந்திரம் என்று மெச்சினோம். ஆட்டம் முடிந்து எல்லாரும் டீ குடித்தால் அவர் மட்டும் சோடா குடித்தார். கேட்டால் "கேஸ்ப்பா" என்றார். கேஸ்! நம்ம ஊரில் நெஞ்சுவலிக்கு வைத்திருக்கிற ஒரே பேர் அதுதானே?

இப்படி ஆடித்தான் வண்டலூர் போட்டியில் கோப்பை வாங்கினோம். பதினான்கு வருடத்தில் முதல் கோப்பை. அதைக் கொண்டுவந்து அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், யாராவது அதை எடுத்துடுங்க. என்னால் அதைப் பார்க்க முடியலை.

அடக்கம் முடிந்த அன்று கிறிஸ்டினா என்னிடம் கேட்டாங்க, "அண்ணா, ரெண்டு மாசமா மாடி ஏற முடியாம ஹால்லயேதான் படுத்தாரு. உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" தாயே, உங்கள் எதிரில் சொல்கிறேன். வாயால் சொல்லவில்லை. பின்னால் ஓட முடியாத மனுஷன் முன்னால் நின்றார். கையைத் தூக்க முடியாமல் மெதுவாகப் போட்டார். மூச்சு வாங்க லேஸ் கட்டினார். என் பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், ஆறு வாரம்! நான் என்ன செய்தேன்? ஆட்டம் தேறிவிட்டது என்று கை தட்டினேன்.

சனிக்கிழமை பதினெட்டுக்குப் பதினெட்டு. "உன்னுது" என்றார். ஓடினேன், அடித்தேன், பாயிண்ட். திரும்பினால் நெட் கம்பத்தில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். லேஸ் கட்டுகிறார் என்று நினைத்தேன். "எழுந்திரு சிரோமணி, இன்னும் ரெண்டு பாயிண்ட்தான்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று நாள் கோர்ட்டைப் பூட்டினோம். புதன்கிழமை திறந்தோம். ஆடுவதுதான் அவருக்கு மரியாதை என்றீர்கள், சரி என்றேன். என் பக்கத்தில் ஹரி நின்றான். நன்றாகவே ஆடினான். சிரோமணி சார் இடத்துக்கு ஆள் கிடைச்சாச்சு என்று வெள்ளிக்கிழமை நாலு பேர் சொன்னீர்கள். நானும் சொன்னேன்.

இப்போது உறுதிமொழி. அவர் வேலையைத் தொடர்வோம், நூல் கட்டுவோம், கதவு திறப்போம். ஆனால் நாளையிலிருந்து நெஞ்சுப் பரிசோதனைத் தாளைக் கையில் கொண்டுவராத எவனும் இங்கே ராக்கெட் தூக்கக் கூடாது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. கோபப்படுகிறவர்கள் கோபப்படுங்கள், எனக்கு ஒன்றுமில்லை, நான்...

ஹரி. என்னைப் பாரு. நேத்து நீ முழு ஆட்டமும் நெட்டோரமே நின்னே. புது ஜோடி, மரியாதைக்கு விட்டுக் கொடுக்கிறான்னு நினைச்சேன். நடுவுல நாலு தடவை குனிஞ்சு லேஸ் கட்டினே. உன் ஷூவுல லேஸே கிடையாதேப்பா. லேஸுக்குப் பதிலா குமிழைத் திருகி இறுக்குற ஷூதானே அது?

கீதா, நீ அவன் பக்கத்து நாற்காலியிலதானே இருக்கே, அவன் கையைத் தொட்டுப் பாரும்மா. ஜில்லுன்னு இருக்கா?

ஐயா, மன்னிக்கணும், என் பேச்சு அவ்வளவுதான். வழி விடுங்க. யாராவது காரை வாசலுக்குக் கொண்டாங்க. ஹரி, எழுந்திருக்காதே. சிரிக்காதே, பேசாதே, அப்படியே உட்காரு. நாற்காலியோட தூக்கிடலாம்.

நாலு பேர் வாங்க.