சுவர் வழியாக வந்த ‘அம்மா’

எங்கள் வரிசை வீடுகளில் சுவர் ரொம்ப மெல்லிசு. பக்கத்து வீட்டில் தும்மினால் நான் என் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். அதனால் ஒட்டுக்கேட்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள் சார். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி அந்தப் பெண் குழந்தையைக் கூட்டிவந்தபோது தெருவே வாயைப் பிளந்தது. பஸ் நிலையத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை. குழந்தைகள் இல்லத்துக்காரர்கள் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒட்டிக்கொண்டால் அப்புறம் தத்து. அதே பிள்ளையை நானும் கேட்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு இல்லை என்றுவிட்டார்கள். ஊரையே விசாரிக்கிறவள் நான். என்னைப் பற்றி ஊரில் விசாரித்தால் என்ன வரும்?

அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குச் ‘சிட்டு’ என்று பேர் வைத்ததே நான்தான். ஜன்னல் வழியாக பிஸ்கட் நீட்டினால் வாங்கிக்கொள்ளும். வாய் மட்டும் திறக்காது. தையல்காரியையும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும், அதுவும் ஆத்திர அவசரத்துக்கு. “ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு ஒரு பிள்ளையைக் கோக்கத் தெரியலையே” என்று கடைவாசலில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு நான் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிட்டுவின் குரல். ‘அம்மா.’ கொஞ்சம் பொறுத்து மறுபடி, ‘அம்மா.’ நீங்களே சொல்லுங்கள், கதவிடுக்கில் விரல் மாட்டினால் நாம் என்ன கத்துவோம்? அடி விழுந்தால் வாயில் என்ன வரும்? அடிக்கிறாள் என்று புரிந்துவிட்டது. கூடவே தையல்காரி அழுவதும் கேட்டது. அடித்துவிட்டு அழுகிற ரகம்.

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஆத்திரத்தில் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆத்திரக்காரி வயரைச் சுற்றுவாளா?

கதவைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல்.

“அக்கா, கேட்டீங்களா? என்னை அம்மான்னு கூப்பிட்டா அக்கா. இன்னொரு தடவை சொல்லுன்னேன், சொன்னா. உள்ளே வந்து நீங்களே கேளுங்க.”

நாற்காலியை இழுத்துப்போடத் திரும்பினாள். பெட்டியின் கூர்முனையைப் பின்மண்டையில் இறக்கினேன். மெஷின் மேல் சாய்ந்தாள். கால் மிதியில் பட்டுச் சக்கரம் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அது நிற்கிறவரை அடித்தேன். எத்தனை அடி என்கிறீர்கள். நான் என்ன கணக்குப்பிள்ளையா? பெட்டி இன்னும் ஆறவில்லை, கன்னம் பொசுங்கியது. பாதி தைத்த சின்ன கவுன் ஒன்று ரத்தத்தில் ஊறி வீணாய்ப் போனது. நல்ல துணி.

பிள்ளை உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று டாக்டர் சொன்னாராமே. அடையாளம் தெரியாமல் அடிப்பதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி.

சிட்டு மூலையில் நின்று ‘அம்மா, அம்மா’ என்று அலறியது. அவளைக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துத் திருத்துங்கள் சார். தரையில் கிடந்தவளுக்குத்தான் காது கேட்காதே. என்னைத்தான் கூப்பிட்டது.

நானும் “என்னம்மா?” என்று குரல் கொடுத்தேன்.