துடைத்துவிட்ட தூறல்

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பேருந்து. முன் இருக்கையில் மடிக்கணினியுடன் இருந்த இளைஞர் நண்பரிடம் முனகினார்.

“மழைய அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சுருச்சுடா.”

“எது?”

“ஏஐதான். டீ எஸ்டேட் விளம்பரக் கார்ட்டூன கம்ப்யூட்டர் முழுசா ரெண்டர் பண்ணி, படமா வரைஞ்சு முடிக்க ரெண்டு நாளாகும். அரைகுறையா பண்ணிட்டு, அதனால படத்துல விழுந்த புள்ளியெல்லாம் ஏஐய வெச்சு எடுத்தேன். தூறலும் சேந்து போயிருச்சு. இப்பப் பளிச்சுன்னு வெயிலு. கொழுந்து பறிக்கற பொம்பளைங்க பிளாஸ்டிக் போத்திட்டு நிக்கறாங்க.”

நண்பர் சிரித்தார்.

“சிரிக்காத. பதினோரு மணிக்கு எஸ்டேட் மேனேஜர்கிட்டக் காட்டோணும். கண்டுபுடிச்சா வேலை கைவிட்டுப் போயிரும்.”

பக்கத்திலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, எந்த எஸ்டேட்டுங்க?”

இளைஞர் எஸ்டேட் பெயரைச் சொன்னார்.

“நான் அங்கதானுங்க பறிக்கறேன். தைரியமாக் காட்டுங்க. நாங்க எப்பப் பிளாஸ்டிக் போத்துவோம்னு அவருக்குத் தெரியாதுங்க. மழை பேஞ்சா தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை.”