கொர்ருங்கற ரேடியோ

…இல்ல கண்ணையண்ணா, வயர்மேன் நீங்களே தறி மோட்டாரையே பாத்துகினு ஒக்காந்தா எப்படி? நல்லா கேளுங்க! மோட்டாரு ஓடுனா போதும், ரேடியோ கொர்ர்ர்ர்ர்… பாட்டு எங்கயோ கெணத்துக்குள்ள கேக்குது. நிறுத்துனா கணீர்னு பாடுது. பங்குனில லேசா மொனகிச்சி, சித்திர பொறந்ததும் இந்த அட்டகாசம்.

எங்க கைக்கொழந்த அம்சா இருக்காளே, பாட்டு கேட்டாதான் வாயத் தொறப்பா. கொர்ருன்னா பல்லக் கடிச்சிக்குவா. மொத்தமே நாலு பல்லு, அத்த வெச்சிகினு என்னா புடிவாதம்! மூணு நாளா சரியா சாப்புடலண்ணா. எங்க வூட்டுக்காரரு வேற, ‘இன்னிக்கும் கத்துச்சின்னா ரேடியோவ மணவூர்ல தங்கச்சிகிட்ட குடுத்துடுவேன்’னுட்டாரு. அஞ்சு மணி பஸ்ல வந்துடுவாரு.

நான் என்னா செய்யல? கம்பளி போத்துனேன். அரிசிப் பானைல எறக்குனேன். மடில வெச்சிகினு திருத்தணி ரிப்பேர் கடைக்கே போனேன். அங்க போயி என்னா அழகா பாடுது, துரோகி!

மோட்டாரத் தொட்டா வேற சுர்ருங்குது. அதான் இவள இடுப்ப வுட்டு எறக்கறதே இல்ல. கரண்ட்டுன்னா எனக்கு அவ்ளோ பயம். கான்வென்ட்டுல படிச்சவ இல்லையா? கரண்ட்டும் தண்ணியும் சேரவே கூடாதுன்னு சயன்ஸ் சிஸ்டரு படிச்சிப் படிச்சி சொன்னாங்க.

ஆங்? எர்த்துக் குழியா? கொல்லையில தகரம் போட்டு, மேல ஒடஞ்ச அம்மிக்கல்ல வெச்சிருக்கேனே, அதான். நீங்க உப்பும் கரியும் கொட்டிட்டு, ‘தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்தும்மா’ன்னு போனீங்க. கரண்ட்டுக் கம்பி எறங்கற குழியில தண்ணியாம்! எனக்கென்ன பைத்தியமா? ஆறு மாசமா ஒரு சொட்டு ஊத்தலியே! மழ நனைக்கும்னுதான் தகரமே. அப்பளம் மாதிரி காஞ்சிருக்குது, வேணும்னா பாருங்க.

ஏண்ணா தலையில கைய வெக்கறீங்க? என்னாது, மண்ணு காஞ்சா மோட்டாருல கசியற கரண்ட்டு பூமிக்குள்ள எறங்காதா, அதான் கொர்ருங்குதா? மெயின எதுக்கு நிறுத்தறீங்க? கொடத்த எங்க எடுத்துகினு… ஐயோ, ஊத்தாதீங்க! உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா உங்க வூட்ல அண்ணி ரத்தினம்மாளுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்! ஊத்திட்டீங்களே… இன்னொண்ணா? மூணாவதா? யம்மா, என்னா குடி குடிக்குது!

திரும்ப மெயினப் போடறீங்களா? இருங்க, கண்ண மூடிக்கறேன்…

…அண்ணா. மோட்டாரு ஓடுதுதானே? கொர்ரக் காணோமே! அட, பாட்டு! இவளப் பாருங்க, வாயத் தொறந்துட்டா! இருடி, இருடி, சோத்த எடுத்தாறேன்…

அண்ணா, வந்து… எங்க வூட்டுக்காரரு கேட்டா எம் பேரு வர வேணாம். எலி பண்ண வேலைன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல.

என்னாது? தகரத்த மூடி அம்மிக்கல்லயும் எலியா தூக்கி வெச்சிதுன்னு கேப்பாரா?

…பெருச்சாளின்னு சொல்லுங்க.